வி-கிராஸில் 265/75 டயர் போட்டால் எங்கே உரசும், எதைச் செய்தால் நிற்கும்

கேள்வி சுருக்கமாக இது. காரைக்குடியில் ஓடும் பழைய மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப். கம்பெனி கொடுத்த 245/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 ஆல்-டெரைன் (ரோடு, மண் இரண்டுக்குமான டயர்) போட்டாயிற்று. கூடவே 8 அங்குல அகலத்தில், ஆஃப்செட் பூஜ்யம் உள்ள வெளி அலாய். நேர் ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்கட்டு வாசலில் வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் கரகரவென்று உரசுகிறது. சஸ்பென்ஷனில் மாற்றம் செய்து பாடியை உயர்த்தும் 2 அங்குல லிஃப்ட் போட்டால் நின்றுவிடுமா?

நிற்காது. லிஃப்டுக்குச் செலவு செய்த பிறகும் அதே வாசலில் அதே சத்தம் கேட்கும். சில இடத்தில் கூடவும் செய்யும். உங்கள் வண்டியில் உரசலுக்குப் பாதிக் காரணம் டயர், மீதிப் பாதி அந்த அலாய். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கு புரிந்தால் எந்தக் கடையில் யார் எதைத் தள்ளிவிடப் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் டயர். 245/70 ஆர்16 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். 245/70 ஆர்16-இன் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/75 ஆர்16-இன் விட்டம் 804 மி.மீ. வித்தியாசம் 55. மையத்திலிருந்து பார்த்தால் முன்னே 27, பின்னே 27, மேலே 27, கீழே 27 மி.மீ. கூடுகிறது. அகலத்தில் 20 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 10. இது டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்துப் போட்ட கணக்கு. சேற்றுக்கான மட்-டெரைன் வகையில் தோள் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகளுக்கு இன்னும் சில மி.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு மாறும். வாங்குமுன் டேப் வைத்து அளப்பதில் வெட்கமே வேண்டாம்.

அடுத்து ரிம். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். ரிம்மின் உள்பக்கத்தில் இ.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். கம்பெனி ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் +33 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ரிம்மில் உள்ள எண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்). ஹப் முகத்திலிருந்து அது உள்ளே 122 மி.மீ., வெளியே 56 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். 8 அங்குலம், பூஜ்ய ஆஃப்செட் ரிம் இரண்டு பக்கமும் 102 மி.மீ. அதாவது ரிம்மின் வெளி விளிம்பு 46 மி.மீ. வெளியே போய்விட்டது, டயரின் நடுக்கோடு மட்டும் பார்த்தால் 33 மி.மீ. வெளியே போயிருக்கிறது. பார்வைக்கு வண்டி அகலமாக, கம்பீரமாகத் தெரிவது இதனால்தான். உரசுவதும் இதனால்தான்.

முன் சக்கரம் தன் நடுவில் சுற்றுவதில்லை. மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் இணைக்கும் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து டயரின் வெளி விளிம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு பெரிய வட்டத்தில் டயரின் தோள் வீசிப் போகும். இடது பக்கம் ஒடித்தால் இடது டயரின் பின்பக்க வெளித்தோள் பின்னால் போய் கேபின் சுவரைத் தேடும். அதே நேரத்தில் வலது டயரின் முன்பக்க வெளித்தோள் முன்னால் போய் பம்பர் மூலையைத் தேடும். வலது பக்கம் ஒடித்தால் மாறி நடக்கும்.

30 டிகிரி ஒடித்ததாக வைத்துக் கணக்குப் போடலாம். ஆரத்தில் கூடிய ஒவ்வொரு மி.மீ.யும் பின்னால் சுமார் 0.87 மி.மீ. ஆகும். வெளியே தள்ளிய ஒவ்வொரு மி.மீ.யும் பின்னால் 0.5 மி.மீ. ஆகும். இப்போது உங்கள் வண்டி: ஆரத்தில் 27, அதற்கு 24 மி.மீ. வெளியே 33 + 10 = 43, அதற்கு 21 மி.மீ. ஆக கம்பெனி டயர் தொட்ட இடத்தைவிட 45 மி.மீ. பின்னால் போகிறது. இதே டயரைக் கம்பெனி ரிம்மில் மாட்டினால் 24 + 5 = 29 மி.மீ. கம்பெனி ரிம்மில் 265/70 ஆர்16 மாட்டினால், அதன் விட்டம் 777 மி.மீ. என்பதால் ஆரத்தில் 14 தான் கூடும்; 12 + 5 = 17 மி.மீ.

45, 29, 17. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். வீல் ஆர்ச்சின் உள்ளே மறைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் லைனருக்கும் அதன் பின்னால் உள்ள தகரத்துக்கும் நடுவே எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே எது தீரும், எது தீராது என்று தெரிந்துவிடும். 17-ஐ பெரும்பாலும் லைனரை அமுக்கியே சமாளித்துவிடலாம். 29-க்கு லைனர், தகர மடிப்பு, பம்பர் மூலை மூன்றிலும் வேலை இருக்கும். 45 என்பது கேபினைச் சேஸில் பிடித்திருக்கும் கேபின் மவுன்ட் வரை போய் வெட்டச் சொல்லும் எண்.

இனி லிஃப்ட் ஏன் உதவாது என்று பார்ப்போம். லிஃப்ட் போட்டால் பாடி மேலே போகிறது. சக்கரத்தின் பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் வீல் ஆர்ச்சுக்குள் கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். முன்னும் பின்னும் அது ஒரு மி.மீ. கூட விலகுவதில்லை. டயர் மிக அகலமாக இருப்பது ஹப்பின் உயரத்தில். ஹப்புக்கு மேலே இருக்கும் இடங்களில் உரசினால் லிஃப்ட் கண்டிப்பாக உதவும். ஹப்புக்குக் கீழே இருக்கும் இடங்களில், உதாரணமாகப் பம்பரின் கீழ் மூலை, லைனரின் அடிப்பகுதி, மட் பிளாப் ஆகியவற்றில், டயரின் அகலமான பகுதி அவற்றுக்கு நேரே இறங்கி வரும். 804 மி.மீ. டயருக்குக் கணக்கு இது: ஹப்புக்கு 150 மி.மீ. மேலே உள்ள புள்ளியிலிருந்து 50 மி.மீ. லிஃப்ட் டயரை 24 மி.மீ. விலக்கும். ஹப்புக்கு 150 மி.மீ. கீழே உள்ள புள்ளிக்கு அதே லிஃப்ட் டயரை 16 மி.மீ. நெருக்கும். ஒடித்தால் உரசுகிற வண்டிகளில் சத்தம் பெரும்பாலும் வருவது ஹப் உயரத்திலும் அதற்குக் கீழேயும்தான்.

இன்னொன்று. ஸ்ட்ரட்டுக்கு (காயிலும் டேம்பரும் சேர்ந்த தூண்) மேலே ஸ்பேசர் வைத்தாலும் சரி, உயரமான காயில் போட்டாலும் சரி, சேஸில் உள்ள பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அமுங்கி முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) இடம் மாறுவதில்லை. பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது சக்கரம் பழைய உயரத்துக்கே வரும். நின்ற வண்டியில் டயருக்கு மேலே நாலு விரல் இடைவெளி தெரிந்தாலும், குண்டும் குழியுமான கண்மாய்க் கரையில் அது இருக்காது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது உரசும் இடத்தைக் கண்டுபிடிப்பது. காதை நம்பாதீர்கள், சத்தம் ஏமாற்றும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் முன் டயர்களின் வெளித்தோள், உள்தோள் இரண்டிலும் சுற்றிலும் பூசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி உலர்ந்ததும் வண்டியை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்து மெதுவாக முன்னே ஓட்டுங்கள். ஒடித்த நிலையிலேயே பிரேக் அடியுங்கள். பிறகு ரிவர்ஸிலும் அதையே செய்யுங்கள். பிரேக் அடிக்கும்போது ஆர்ம் புஷ்கள் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். முன்னே போகையில் பிரேக் அடித்தால் சக்கரம் சற்றே பின்னால் நகரும், ரிவர்ஸில் அடித்தால் முன்னால் நகரும். நீங்கள் வாசலில் ரிவர்ஸ் எடுக்கையில் உரசுகிறது என்பதால் கேபின் பக்கத்தோடு பம்பர் மூலையிலும் வெள்ளை படிந்திருக்க வாய்ப்பு அதிகம். லைனரில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு அழுத்தம் என்று மார்க்கரால் கோடு போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அமுங்கிய நிலையில் சோதனை. தரை இறுக்கமான இடத்தில் ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர் மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் மேட்டில் ஏற்ற வேண்டும். அகலமான மரச் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று குறுக்குமறுக்காக அடுக்கலாம். செங்கல் அடுக்க வேண்டாம், பாரத்தில் பொடிந்துவிடும். ஏற்றுமுன் முன்பக்க பம்ப் ஸ்டாப்பின் நுனியில் எலுமிச்சை அளவு ஈரக் களிமண்ணை ஒட்டி வையுங்கள். இறக்கிய பிறகு களிமண் தட்டையாகியிருந்தால் சஸ்பென்ஷன் உண்மையிலேயே முழுக்க அமுங்கியது என்று அர்த்தம். உருண்டையாகவே இருந்தால் சோதனை போதவில்லை, இன்னும் ஏற்ற வேண்டும். அந்த நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சக்கரம் திரும்பும்போது வீல் ஆர்ச்சுக்குள் கையோ தலையோ போகக் கூடாது.

இடம் தெரிந்ததும் வேலையை எளிதானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் அந்த அலாயைக் கழற்றிவிட்டு, டயரைக் கம்பெனி ரிம்மில் மாட்டிச் சுண்ணாம்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 7 அங்குல ரிம் 265/75-க்கும் 265/70-க்கும் பொருந்தும். இதற்கு ஆகும் செலவு டயர் கழற்றி மாட்டி பேலன்ஸ் பண்ணும் கூலிதான். வெளி உரசலில் 16 மி.மீ. இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடும்.

கம்பெனி ரிம்மில் மாட்டியதும் உள்பக்கம் பார்க்க வேண்டும். பழைய 245 டயரைவிட இது 10 மி.மீ. உள்ளே வந்திருக்கும். இரண்டு இடம்: மேல் பால் ஜாயின்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) இருக்கும் பகுதி, முழுக்க ஒடித்தால் சேஸும் ஸ்டெபிலைசர் பாரும். நக்கிள் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புவதால் அங்கே இடைவெளி மாறாது. 5, 6 மி.மீ. இருந்தால் போதும். சேஸ் பக்கம் அப்படி இல்லை, குறைந்தது ஒரு விரல் கனம் வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் ரிம் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூஜ்யம் வேண்டாம். 8 அங்குலம், +20 ரிம் உள்ளே கம்பெனி ரிம் அளவுக்கே 122 மி.மீ. நிற்கும், வெளியே மட்டும் 26 மி.மீ. கூடும். 7 அங்குலத்தில் +25 கிடைத்தால் அதைவிட நல்லது. வி-கிராஸுக்கும் ஹைலக்ஸுக்கும் 6 போல்ட், 139.7 மி.மீ. பி.சி.டி. (போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) ஒன்றுதான், ஆனால் நடு ஓட்டையின் அளவு வேறு. ஒன்றின் ரிம்மை மற்றதில் மாட்டுமுன் அதை அளந்து பார்க்க வேண்டும். வெளி அலாயில் ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடச் சொல்லுங்கள். நட்டும் கவனம்: கூம்பு முகம் உள்ள ரிம்முக்குக் கூம்பு நட்டு, தட்டை வாஷர் வகைக்குத் தட்டை நட்டு. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் இளகும். எந்த ரிம் போட்டாலும் 50, 100 கி.மீ. ஓடியதும் கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவு) டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் 25, 30 மி.மீ. ஸ்பேசரை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். உள் உரசலை வெளி உரசலாக மாற்றுவதைத் தவிர அது எதுவும் செய்வதில்லை. வீல் பேரிங்குக்கு வளைக்கும் பாரம் கூடுகிறது. ஸ்டியரிங்கில் ஒவ்வொரு கல்லும் கைக்கு அடிக்கிறது.

இப்போது லைனர். கிளிப்புகளைக் கழற்றி, லைனரின் பின்பக்கத்தை விடுவித்து, அதன் பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்: ஒயர் கட்டு, பிரேக் பைப், வாஷர் டேங்க் குழாய். ஒயர் உரசும் இடத்தில் இருந்தால் கட்டை அவிழ்த்து உள்ளே தள்ளிக் கட்டுங்கள். இந்த லைனர்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். 160 டிகிரி வாக்கில் உருகும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிக்காமல் அசைத்துக்கொண்டே, ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூடேற்றுங்கள். கறுப்பு லேசாகப் பளபளக்கத் தொடங்கும்போது கையுறை போட்ட கையால் அமுக்கினால் குழையும். பளபளப்பு கூடிப்போனால் ஓட்டை விழும். உருண்டை முனை உள்ள கட்டையால் உள்ளே அமுக்கி, ஈரத்துணி வைத்து ஆறும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஆறுமுன் விட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். 15 மி.மீ. வரை இப்படியே கிடைக்கும். லைனரை வெட்டியெறிவது கடைசி வழி. அதை எடுத்துவிட்டால் செம்மண் சேறு நேராகக் கேபின் மடிப்பிலும் ஒயரிலும் போய் அப்பும்.

லைனர் தகரத்தில் முட்டி, அதற்கு மேல் போகவில்லை என்றால் அடுத்தது தகர மடிப்பு. ஃபெண்டருக்குப் பின்னால் இரண்டு தகரங்களைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் அடித்த விளிம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டக் கூடாது, மடக்க வேண்டும். வெட்டினால் வெல்டிங் புள்ளிகள் போய் தகரங்கள் பிரியும். நல்ல டிங்கரிங் ஆள் ஒருவர், கட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து 2 கிலோ சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்துவிடுவார். கிடைப்பது 10 முதல் 20 மி.மீ. மடக்கிய இடத்தில் பெயின்ட் கண்டிப்பாக வெடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மடிப்பு ஓரம் முழுக்க சீலர் பூசி, மேலே அண்டர்பாடி கோட்டிங் கொடுங்கள். சாயங்காலம் வண்டியைக் கொடுக்கும் அவசரத்தில் பட்டறைகள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். இரண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு துரு கேபினுக்குள் எட்டிப் பார்க்கும். பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

பம்பர் மூலை பிளாஸ்டிக், பயமில்லை. வெள்ளை பட்ட இடத்துக்கு 15 மி.மீ. வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் வளைவாகக் கோடு வரைந்து, மெல்லிய ஹாக்ஸா பிளேடால் அறுங்கள். கிரைண்டர் வைத்தால் பிளாஸ்டிக் உருகிப் பிசிறடிக்கும். ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, லைனரின் முன் ஓரத்தைப் புதுக் கிளிப் போட்டுப் பம்பரோடு இணைத்துவிடுங்கள். விட்டால் காற்றில் பின்னே மடிந்து டயரில் மாட்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்ட, முதல் பக்கத்தின் அட்டை மாதிரியைத் திருப்பிப் போட்டு வரைந்துகொள்ளுங்கள். மட் பிளாப்பைக் கழற்றிப் போட வேண்டாம். பட்டை ஒன்று அடித்து 20, 30 மி.மீ. பின்னால் தள்ளி மாட்டலாம்.

அலைன்மென்டில் ஒரு வழி இருக்கிறது, பலர் கேட்பதே இல்லை. ஹைலக்ஸ் போலக் கீழ் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) உள்ள வண்டிகளில் கீழ் ஆர்மை முன்னால் தள்ளிக் கேஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்டலாம். அப்போது சக்கரமே சில மி.மீ. முன்னால் போய், கேபின் பக்கம் இடம் கிடைக்கும். அதே அளவு பம்பர் பக்கம் குறையும் என்பதால் பம்பர் மூலையை வெட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும். அலைன்மென்ட் ஆளிடம் ‘பச்சையில் வந்தால் போதும்’ என்று விட்டுவிடாமல், அனுமதித்த எல்லைக்குள் கேஸ்டரை மேல் பக்கமாக, இரண்டு பக்கமும் சமமாக வைக்கச் சொல்லுங்கள். மேல் ஆர்மை மாற்றிக் கேஸ்டர் கூட்டும் கிட்டுகளில் மேல் பால் ஜாயின்ட் பின்னால் போகும். அதில் சக்கரமும் சற்றே பின்னால்தான் நகரும். உரசலுக்கு அது மருந்தல்ல.

ஸ்டியரிங் ரேக்கின் முனையில் வாஷர் வைத்து ஒடிப்பைக் குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. உரசல் நிற்கும், உண்மைதான். ஆனால் வண்டி வளையும் வட்டம் பெரிதாகிவிடும். முனீஸ்வரன் கோவில் தெருவிலோ தேவகோட்டையின் உள் சந்துகளிலோ ஏற்கெனவே இரண்டு தரம் முன்பின் எடுத்துத்தான் இந்த நீள வண்டியைத் திருப்ப முடியும். உள்ளதையும் குறைத்துக்கொள்வானேன்?

கேபின் மவுன்டை வெட்டி வெல்டிங் அடிப்பதை நான் சொல்ல மாட்டேன். அது கேபினைச் சேஸோடு பிடித்துக்கொள்ளும் இடம். அங்கே வெட்டச் சொல்கிறது என்றால் அந்த வண்டிக்கு அந்த டயர் அளவு அதிகம் என்று அர்த்தம். கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட் எல்லா மூலையிலும் இடம் கொடுக்கும் என்பது போலத் தோன்றும். அதிலும் மேலே சொன்ன ஹப் உயரக் கணக்கேதான்; அதோடு ஸ்டியரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஃபேன் கவர், பிரேக் பைப் எல்லாம் இழுபடும்.

லிஃப்ட் வேண்டவே வேண்டாமா என்றால், அமுங்கிய சோதனையில் ஆர்ச்சின் மேல்பகுதியில் வெள்ளை பட்டிருந்தால் வேண்டும். ஆனால் அதற்குத் தேவை உயரத்தோடு கெட்டியான காயிலும் நல்ல டேம்பரும், கூடவே 10, 15 மி.மீ. நீளம் கூட்டிய பம்ப் ஸ்டாப்பும். முன்பக்கம் 40 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டுக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும், 25 மி.மீ. ஸ்பேசர் என்றால் ஏறக்குறைய 45, 50 மி.மீ. தூக்கும். இதை அறியாமல் ‘2 அங்குலம்’ என்று கேட்டு 50 மி.மீ. ஸ்பேசரையே வைத்துவிட்டால், டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி பூட் கிழியும், மேல் ஆர்ம் காயிலில் இடிக்கும். லிஃப்டுக்குப் பின் டோ, கேம்பர், கேஸ்டர் என்ற சக்கரக் கோணங்கள் மூன்றும் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் மதுரை வரை போய் வந்தாலே டயர் ஓரம் தேயத் தொடங்கும். ஹெட்லைட்டையும் இறக்கி வையுங்கள்.

பின்பக்கம் உரசல் வெறும் வண்டியில் தெரியாது. ஆத்தங்குடிக் கல்லோ நெல் மூட்டையோ ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்கு மிகாமல் பாரம் வைத்துச் சோதிக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் ஆர்ச்சின் உச்சியும், உள்பக்கம் கமான் பட்டையின் யு-போல்ட்டும். மேலே தொட்டால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதே சரி. நீள ஷேக்கிள் (கமான் பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) போட்டால் உயரம் மட்டும் வரும், பாரம் தாங்கும் பலம் வராது, 50 மி.மீ. நீள ஷேக்கிள் பாதிதான், 25 மி.மீ. தூக்கும், டிஃபரென்ஷியல் மூக்கின் கோணமும் மாறும்.

எல்லாம் முடிந்தபின் எவ்வளவு இடைவெளி மிஞ்ச வேண்டும்? காய்ந்த தரையில் உரசாமல் போனால் போதாது. கார்த்திகையில் கண்மாய் உள்வாயில் இறங்கினால் வண்டல் களிமண் டயரிலும் லைனரிலும் அப்பி, உலர்ந்தால் கல்லாகிவிடும். அதற்காகவே முழு ஒடிப்பில் 15 மி.மீ. விட்டுவையுங்கள். உலர்ந்த மண்ணைத் தண்ணீர் அடித்து எடுக்காமல் ஓட்டினால், சுண்ணாம்புச் சோதனையில் தேறிய வண்டியும் உரசும்.

உரசலைத் தாண்டிச் சிலதைச் சொல்லியாக வேண்டும். கண்மாய்க் கரையில் அடி தட்டுகிறது என்பதற்காகப் பெரிய டயர் தேடினீர்கள் என்றால், பின் டிஃபரென்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. லிஃப்ட் அதைத் தொடாது. 265/70-இல் 14 மி.மீ., 265/75-இல் 27 மி.மீ. உயரும். நம் பக்கத்தில் டயரைக் கொல்வது உயரக் குறைவைவிடச் சீமைக்கருவேல முள்தான். பக்கச்சுவர் கெட்டியான ஆல்-டெரைன் 265/70-இல் வாங்குவது, மெல்லிய சுவர் உள்ள 265/75-ஐவிடப் பலமடங்கு பயன் தரும். எல்.டி. (லைட் டிரக்) என்று எழுதிய டயர் வாங்கினால் அதே பாரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு அதற்குப் பொருந்தாது. டயர் கம்பெனியின் பாரம்-அழுத்த அட்டவணையைப் பார்த்து வையுங்கள். பாரக் குறியீட்டு எண் பழைய டயருடையதைவிடக் குறையக் கூடாது.

804 மி.மீ. டயரில் ஸ்பீடோமீட்டர் சுமார் 7 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 80-இல் நின்றால், பழைய டயரில் 80 காட்டும்போது போனதைவிட 7 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். கி.மீ. கணக்கும் அப்படியே: மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி சுமார் 10,700 ஓடியிருக்கும், ஆயில் மாற்றுவதை முன்னதாக வையுங்கள். கியர் எல்லாம் அதே 7 சதவீதம் நீண்டுபோகும். பாரத்தோடு மேட்டில் எடுக்கும்போது கிளட்ச் படும் பாடு கூடும். 777 மி.மீ. டயரில் இது 3.7 சதவீதத்தோடு நிற்கிறது.

சட்டம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி பதிவில் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த மாடலுக்குக் கம்பெனி அங்கீகரித்த டயர் அளவுகள் கையேட்டில் இருக்கும். அதற்குள் நின்றால் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸிலும் வாதாட வேண்டியிருக்காது. ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர்தான் சோதனையில் முதலில் கண்ணில் படும். பூஜ்ய ஆஃப்செட்டைக் கழற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் வண்டிக்கு என் வரிசை இது. அலாயைக் கொடுத்துவிட்டுக் கம்பெனி ரிம்முக்குத் திரும்புங்கள். சுண்ணாம்புச் சோதனை. லைனரை அமுக்கி, பம்பர் மூலையை வெட்டி, மறுபடி சோதனை. இதற்குப் பிறகும் தகர மடிப்பில் தொட்டால், மடக்கும் வேலையில் இறங்குமுன் 265/75-ஐ விற்றுவிட்டு 265/70 வாங்க முடியுமா என்று பாருங்கள். அதிகம் ஓடாத டயருக்கு நல்ல விலை கிடைக்கும். முடியாது என்றால் மடக்கி, பெயின்ட் அடித்து, அலைன்மென்ட் பாருங்கள். லிஃப்ட் இந்த வரிசையில் வரவே வேண்டியதில்லை.

ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். பின்னால் தொங்கும் பழைய 245/70 விட்டத்தில் 55 மி.மீ. சின்னது. அதை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடை வரை டூ-வீல் டிரைவில் மெதுவாகப் போகலாம். ஃபோர்-வீல் டிரைவ் போட்டால் முன் பின் சுற்று ஒத்துப்போகாமல், இரண்டுக்கும் சக்தி பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்குவதென்றால், பெட்டிக்கு அடியில் உள்ள சங்கிலித் தொட்டிலில் அது ஏறுமா, சைலன்சர் பைப்பில் தொடாமல் நிற்குமா என்று காசு கொடுக்குமுன் தூக்கிப் பாருங்கள்.